பல் முக்கியம் ஸார்

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் சில வீடுகளுக்கு ஒரு பட்டியல் வந்து சேரும். கராத்தே கிளாஸில் சேர்ந்த பிள்ளை கொண்டு வருவது. டிரெஸ், பெல்ட், கிளவுஸ், ஷின் கார்டு, ஹெட் கார்டு, கிக் பேட், தோள்பை, கிளாஸ் பேர் போட்ட டிராக் சூட். கீழே கூட்டுத்தொகை. அதைப் பார்த்ததும் அப்பாக்களுக்கு விழுகிற குத்துக்கு எந்தத் தற்காப்புக் கலையிலும் தடுப்பு கிடையாது.

அவசரப்படாதீர்கள். பட்டியலை மடித்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

ஒகினாவா தீவில் கராத்தே வளர்ந்த நாட்களில் இதில் எதுவும் கிடையாது. வீட்டு உடுப்போடு முற்றத்தில் பழகினார்கள். நாம் பார்க்கிற வெள்ளை உடுப்பே இரவல்தான். ஜூடோவை 1882-ல் தொடங்கிய கானோ ஜிகோரோ தன் மாணவர்களுக்கு ஒரு உடை வைத்திருந்தார். 1922-ல் ஃபுனகோஷி கிச்சின் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ வந்து கராத்தேயைச் செய்து காட்டினார். அதற்குப் பிறகு அந்த உடை இந்தப் பக்கம் வந்தது. பெல்ட்டும் அதே வழிதான்.

அவர்களுடைய பழைய சாமான்கள் வேறு. மகிவாரா என்றால் தரையில் நட்டு, மேல்முனையில் வைக்கோல் கயிறு சுற்றிய பலகை. அதில் குத்துவார்கள். சிஷி என்பது கல்லில் மரப்பிடி செருகியது, சுழற்ற வேண்டும். மண் நிரப்பிய ஜாடியின் கழுத்தை விரல்களால் கவ்விக்கொண்டு நடை பழகுவார்கள். நம்மூர் கர்லாக்கட்டையையும் இளவட்டக்கல்லையும் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பங்காளி முறை என்று புரியும். எல்லாமே கொல்லைப்புறத்தில் கிடைத்தவை. (உடனே மொட்டை மாடியில் பலகை நடாதீர்கள். வளர்கிற எலும்புக்கு அது ஆகாது.)

எங்கள் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவருக்கு 11 வயதில் ஒரு மகள். ஒருநாள் துணியோடு அந்தப் பட்டியலையும் நீட்டினார். மொத்தம் 6,400 ரூபாய்.

“இது எத்தினி சட்டைன்னு தெரியுமா சார்?” என்றார். நான் கணக்குப் போடவில்லை. அவர் போட்டிருந்தார்.

“டியூஷன் முடிஞ்சு இருட்டுல நடந்து வர்றா. அதுக்காகத்தான் சேத்தேன். இல்லேன்னா இதெல்லாம் எதுக்கு சார் நமக்கு?”

வண்டிமேலேயே பேப்பரை விரித்து இரண்டு பேரும் அடிக்க ஆரம்பித்தோம். முதலில் போனது டிராக் சூட். அடுத்தது பை; ஸ்கூல் பை போதாதா? கிக் பேட் கிளாஸில் இருக்க வேண்டிய பொருள், பிள்ளைக்குப் பிள்ளை வாங்குவதற்கில்லை. கிளவுஸும் ஷின் கார்டும் ஜோடி போட்டுச் சண்டை பழகும்போதுதான் வேண்டும். ஆரம்ப மாதங்களில் நிற்கவும் நடக்கவும் காற்றில் குத்தவும்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அதற்கு பி.டி. டிரெஸ் போதும். “மூணு மாசம் டி-ஷர்ட்டில் வரட்டுமா?” என்று மாஸ்டரைக் கேளுங்கள். நல்ல மாஸ்டர் சரி என்பார். முகம் சுருங்கினால் அதுவும் ஒரு தகவல்.

உடுப்பை அவுன்ஸ் கணக்கில் விற்கிறார்கள். 8 அவுன்ஸ் என்றால் மெல்லிசு. 12, 14 அவுன்ஸ் கேன்வாஸ் மாதிரி விறைப்பாக இருக்கும். குத்தும்போது ‘படார்’ என்று சத்தம் வரும். சென்னை வெயிலுக்கு 8 போதும், சத்தம் பிறகு வரட்டும். சுத்தமான பருத்தி என்றால் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். இந்த விஷயத்தை நான் ஆரம்பிக்குமுன் இஸ்திரிக்காரரே முடித்துவிட்டார்: “மொதத் தண்ணியில ஒரு விரக்கடை சுருங்கும் சார்.” கடைசியில், பாதியில் நின்றுபோன ஒரு பையனின் உடுப்பு கிடைத்தது. சுருங்க வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சுருங்கியிருந்தது.

சண்டைப் பயிற்சி ஆரம்பித்ததும் கிளவுஸ் வாங்கப் போவீர்கள். குண்டு குண்டான குத்துச்சண்டை கிளவுஸை வாங்கி வந்துவிடாதீர்கள். கராத்தேக்கு உள்ளது மெல்லியது. எந்த விதிப்படி போட்டி என்று கேட்டுவிட்டுப் போங்கள். உலக கராத்தே சம்மேளன விதியில் சிவப்பு, நீலம் இரண்டே நிறம். கறுப்பு எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் போட்டியன்று மூலையில் கிடக்கும்.

ஹெட் கார்டு பற்றி ஒரு வார்த்தை. அது வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் ஆண்கள் குத்துச்சண்டையில் அதை எடுத்தே விட்டார்கள். ‘அதான் தலையில மாட்டியிருக்கே’ என்று ஓங்கி அடிக்க விடுகிற கிளாஸிலிருந்து பிள்ளையைக் கூட்டி வந்துவிடுங்கள். அதைவிட முக்கியம் தரை. வெறும் சிமென்ட்டில் மல்லாக்க விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபீஸ் கட்டுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நடை நடந்து பாருங்கள்.

இத்தனை நீளப் பட்டியலில் வாய்க்குப் போடுகிற கார்டு இல்லை, கவனித்தீர்களா? டிராக் சூட் விலையில் சின்னப் பங்குதான் அது. போன பல் முளைக்காது. வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்துப் பதிய வைக்கிற ரகம் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும். எவ்வளவு நேரம் போடுவது என்று அட்டையில் இருக்கும், படியுங்கள். அதிகம் கொதித்தால் கொழகொழ என்று உருத்தெரியாமல் போய்விடும். வாயைத் திறந்தால் தானாக விழக்கூடாது, மூச்சும் பேச்சும் தடைபடக்கூடாது. பல்லில் கம்பி கட்டியிருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 11 வயதில் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும், அதனால் பொருந்துகிறதா என்று அடிக்கடி பாருங்கள். இதை மட்டும் இரவல் வாங்காதீர்கள். ஆண் பிள்ளைகளுக்கு இடுப்புக்குக் கீழே இன்னொரு கார்டு உண்டு. அதுவும் இரவல் வேண்டாம்.

அப்படியும் ஒருநாள் நிலைத்த பல் வேரோடு வந்துவிட்டால், கத்தாமல் தேடி எடுங்கள். வெள்ளைப் பகுதியைப் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். அழுக்கானால் லேசாக அலசி, முடிந்தால் அதே குழியில் வைத்துத் துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் ஓடுங்கள். அரை மணிக்குள் போனால் நல்லது, ஒரு மணிக்கு மேல் ஆனால் சந்தேகம். விழுந்தது பால் பல் என்றால் திரும்ப வைக்கக்கூடாது. அடியில் வளர்கிற பல்லுக்குச் சேதம். டாக்டரிடம் மட்டும் காட்டிவிடுங்கள். கிளாஸ் பக்கத்தில் எந்தக் கடையில் பால் பாக்கெட் கிடைக்கும் என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். காய்ச்ச வேண்டாம்.