ஷோங்குவின் துப்பாக்கி

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டில் அரை மணி நேரம் கதை. படிப்பது என் பெண், கேட்பது நான். எட்டாவது படிக்கிறாள். சால்ட் லேக்கிலேயே வளர்ந்தவள், பெங்காலி தண்ணி பட்ட பாடு. எனக்கோ இத்தனை வருஷம் செக்டர் ஃபைவில் குப்பை கொட்டியும் பஸ் போர்டைத் தாண்டவில்லை. அதனால் அவள் பெங்காலியில் படித்து எனக்குத் தமிழில் சொல்லவேண்டும். (நாள் முழுக்க அவள் வாயில் வரும் தமிழ் இந்த அரை மணியில்தான். இது என் சதி என்று தங்கமணிக்கு மட்டும் தெரியும்.)

புத்தகம், சத்யஜித் ராயின் பேராசிரியர் ஷோங்கு கதைகள், மொத்தமும் ஒரே தொகுப்பாக. 2018-லிருந்து சென்ட்ரல் பார்க்கில்தானே புத்தகக் கண்காட்சி, வீட்டிலிருந்து நடந்தே போய் வாங்கினோம். இங்கே அதற்குப் பெயர் பொய்மேளா. பொய் என்றால் புத்தகம். தமிழனுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும்.

முதல் கதை 1961-ல் சந்தேஷ் பத்திரிகையில் வந்தது. ஆஹா, என்ன கதை! கிரிடியில் இருக்கும் அரைக்கிறுக்கு விஞ்ஞானி, வேலைக்காரன் பிரஹ்லாத், நியூட்டன் என்ற பூனை, பிதுசேகர் என்ற ரோபோ எல்லாரையும் கூட்டிக்கொண்டு செவ்வாய்க்குக் கிளம்புகிறார். ரோபோ செய்ய ஆன செலவு 333 ரூபாய் ஏழரை அணா. கோபம் வந்தால் பொடித் துப்பாக்கியால் சுடுவார், சுடப்பட்டவன் 33 மணி நேரம் தும்முவான். இந்த இடத்தில் என் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஃப்ளாட் தாதா கதவைத் தட்டிவிட்டார்.

பாதிப் புத்தகம் தாண்டியதும் சிரிப்பு குறைய ஆரம்பித்தது. வெளிநாட்டிலிருந்து கடிதம் வரும். க்ரோல், சாண்டர்ஸ் என்ற நண்பர்களோடு ஷோங்கு எங்காவது கிளம்புவார். பேராசை பிடித்த ஒரு விஞ்ஞானி வருவான். முற்றியதும் ஷோங்கு அனைஹிலின் துப்பாக்கியை எடுப்பார். அழுத்தினால் எதிரி மாயம், ரத்தமில்லை, சத்தமில்லை. நோய் என்றால் மிராக்யூரால் மாத்திரை. எல்லாமே பையில் இருக்கும்போது எனக்கெதற்குப் பயம்?

ஒருநாள் இவள் புத்தகத்தை மூடிவிட்டாள். "அப்பா, இதுலயும் அந்தத் துப்பாக்கியை எடுத்துடுவார். நாளைலேர்ந்து வேண்டாம்பா."

எனக்கு பகீரென்றது. ஷோங்கு போனால் போகட்டும், என் அரை மணி நேரம் என்னாவது?

அவள் சொன்னது தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வந்தபோது எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் புத்தகத்துக்கு அடித்துக்கொள்வோம். 2021-ல் நடக்கும் கதை, எல்லாருக்கும் ரெண்டெழுத்துப் பெயர், ஜீனோ என்ற இயந்திர நாய். (அந்த 2021 கொரோனாவோடு வந்து போயே விட்டது.) பிறகு வந்த 'மீண்டும் ஜீனோ'வையும் விழுந்து விழுந்து படித்தேன், ஆனால் ஏதோ குறைந்தது. முதலில் நிலாவுக்காகப் பயந்தேன், ஜீனோ நடுவில் வந்து அசத்தியது. அடுத்ததில் ஜீனோ அசத்தும் என்று தெரிந்தே உட்கார்ந்தேன். வாத்தியாரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் ஆட்டோ அனுப்பவேண்டாம்.

ராய்க்கும் அதுதான் ஆகியிருக்குமோ? சந்தேஷ் சொந்தப் பத்திரிகை, தாத்தா ஆரம்பித்தது. தோன்றியதை விளையாட்டாக எழுதலாம். பிறகு ஆனந்தமேளா பூஜை மலருக்கு ஷோங்கு, தேஷ் பூஜை மலருக்கு ஃபெலுதா என்று வருஷா வருஷம் பந்தி வைக்கவேண்டியதாயிற்று. பூஜைக்குப் பூஜை பசியோடு உட்கார்ந்த கூட்டத்தில் பாதிக் குற்றம் நம்முடையதும்தான்.

கெஞ்சிக் கூத்தாடி, நடுவில் கொஞ்சம் தாண்டிக்கொண்டு, 1990-ல் வந்த 'ஸ்வர்ணபர்ணி'க்குப் போனோம். மிராக்யூரால் எப்படிப் பிறந்தது என்ற கதை. ஷோங்குவின் அப்பா ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் இறந்தபிறகுதான் பிள்ளை கசௌலி மலைக்குப் போய் அந்த மூலிகையைக் கொண்டுவருகிறான். ஊரையெல்லாம் பிழைக்கவைத்த மாத்திரை அப்பாவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. நாஜி பெர்லினில் கோரிங் மாத்திரை கேட்டு மிரட்டும்போது, அவர் வாய்க்குப் போவது தூக்க மாத்திரை, ஷோங்கு தப்பிக்கிறார். "அப்பா, அந்தத் துப்பாக்கியே இல்லப்பா!" என்றாள் இவள். மணி பதினொன்றே கால்.

அடுத்தது 'இன்டெலெக்ட்ரான்', புத்திசாலித்தனத்தை அளக்கும் இயந்திரம். சுறுசுறுப்பாக ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். பக்கத்தைத் திருப்பினாள், திரும்பவும் முன்னால் வந்தாள்.

"அவ்ளோதான்பா. இதுக்கு மேல இல்ல."

1992-ல் ராய் போனபோது முடிக்காமல் விட்ட ரெண்டு கதைகளில் இது ஒன்று என்று சொன்னேன். கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசில துப்பாக்கியை எடுத்திருப்பாராப்பா?"

"எடுத்திருப்பார்னுதான் நினைக்கிறேன்."

"பரவால்ல. எடுக்கட்டும்," என்றாள்.