மூடியைத் திறந்தவன்

சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் புறப்படுமுன் ஆறு ஆப்பிள்களை நறுக்கி, நாட்டுச் சர்க்கரையும் பட்டைத்தூளும் சிறிது வெண்ணெயும் சேர்த்து ஸ்லோ குக்கரில் இட்டேன். தண்ணீர் வேண்டாம், கனியின் சாறே போதும். குறைந்த சூட்டில் 4 மணி நேரம். இடையில் திறந்தால் ஆவி போய்விடும். இழந்த சூடு திரும்ப வெகுநேரம் செல்லும். அறிந்திருந்தும், ஆலயத்திலிருந்து வந்ததும் இருமுறை திறந்தேன்.

மூன்றாண்டுகளாய் என்னோடு பேசாதிருந்த தமையனார் அன்று உணவுக்கு வருவதாயிருந்தார். அந்தப் பிணக்கிலும் நான் செய்தது இதுவே. ஆற விடாமல் கடிதத்தின்மேல் கடிதம் எழுதி விளக்கம் கேட்டேன்.

அவர் வந்தபோது பழம் வேகவில்லை. இருவரும் அடுக்களையிலேயே காத்திருந்தோம். நான் வாய் திறக்கவில்லை. வெகுநேரங்கழித்து அவரே, “அம்மா இருந்தால் ஏலக்காய் தட்டிப் போட்டிருப்பார்கள், தம்பி” என்றார்.