சக்கரம் வைத்த வீட்டுக்கு யார் கடன் கொடுப்பார்?

கேரவன் என்றதும் நம்மூரில் பலருக்கும் சினிமா ஷூட்டிங்தான் ஞாபகத்துக்கு வரும். ஹீரோயின் மேக்கப் போடுகிற ஏசி வண்டி. அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் 34 வருஷம் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர், "ஒரு கேரவன் வாங்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னபோது வீட்டில் எல்லாரும் சிரித்ததற்கு அதுதான் காரணம். மகன் மட்டும், "எந்தப் படத்துலப்பா நடிக்கிறீங்க?" என்று கேட்டே விட்டான்.

ஆனால் அவர் கேட்டதற்குக் காரணம் வேறு. மனைவிக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. மணிக்கு ஒருதரம் பாத்ரூம் போக வேண்டும். முழங்கால் வலி வேறு. இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் எழ முடியாது. தெருக்காரர்களோடு வேன் பிடித்து நவக்கிரகக் கோயில்களுக்குப் போனபோது, காலையில் இருந்து சாயங்காலம் வரை அந்த அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சம். நிறுத்தினாலும் போகிற மாதிரி இடமில்லை. வீடு திரும்பிய மறுநாள் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மூன்று நாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு எந்தப் பயணத்துக்கும் அவர் வருவதில்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார். நம் வீட்டுப் பெண்கள் பலரும் சொல்கிற வசனம்தான் இது. உண்மைக் காரணத்தை யாரும் கேட்பதில்லை.

இவர் கேட்டார். கேட்ட பிறகு வந்த யோசனைதான் வண்டி: படுக்க ஒரு கட்டில், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சின்ன அடுப்பு மேடை, முக்கியமாக உட்கார்ந்து எழக்கூடிய டாய்லெட். புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது. பெரம்பலூரில் ஒருவர் தன் டூரிஸ்ட் வேனை விற்கிறார் என்று தகவல் வந்தது. விலை 5,80,000. உள் வேலைக்கு ஒரு பட்டறையில் 2,20,000 கேட்டார்கள். பதிவு, வரி, இன்ஷூரன்ஸ் என்று 60,000 ஒதுக்கி வைத்தார். ஆக மொத்தம் 8,60,000. கையில் ரொக்கமாக இருந்தது 2 லட்சம்.

மீதிக்கு எங்கே போவது? அரியலூர், பெரம்பலூர்க்காரர்களுக்கு வண்டிக் கடன் புதிதல்ல. சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் ஓடுகிற ஊர். டியூ கட்டுகிறவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. 1954-ல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், 1974-ல் சீட்டு நிறுவனமாகப் பிறந்து பின்னாளில் பழைய லாரிக்கும் கடன் கொடுத்து வளர்ந்த ஸ்ரீராம் குழுமம் என்று, லாரிக்காரர்களை நம்பிப் பணம் கொடுத்த கம்பெனிகள் தமிழ்நாட்டில் இருந்தே கிளம்பியவை. ஆனால் லாரி சம்பாதித்துத் தன் டியூவைத் தானே கட்டும். கோயிலுக்குப் போகிற வண்டி எதைச் சம்பாதிக்கும்? பென்ஷனில் இருந்துதான் கட்ட வேண்டும். அறுபது வயதுக்காரருக்குக் கடன் கொடுப்பவரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

பெரம்பலூரில் ஒரு ஃபைனான்ஸ் அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். பெயர் வேண்டாம், அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"5 லட்சம் தரலாம் சார். 11 பர்சன்ட்தான். நாலு வருஷம். மாசம் 15,000 கட்டுனாப் போதும்."

அவர் தலையை ஆட்டிவிட்டார். அந்த அம்மா ஆட்டவில்லை. இருபது வருஷமாக வீட்டுக் கணக்கும் சீட்டுக் கணக்கும் எழுதுகிற கை.

"தம்பி, மாசம் 15,000-ன்னா 48 மாசத்துக்கு 7,20,000 ஆச்சு. வட்டி மட்டும் 2,20,000. மூணு வருஷம் கட்டி முடிச்ச பிறகு எங்ககிட்ட நிக்கிற அசல் கொஞ்சம்தானே? அப்பவும் 5 லட்சத்துக்கே வட்டி போடுறீங்களே, அது எப்படி?"

பையன், "அது ஃபிளாட் ரேட்டும்மா" என்றான்.

அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஃபிளாட் வட்டி என்றால் கடைசி மாதம் வரை முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் வட்டி. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடுகிற வங்கி முறையில் இதே 15,000 தவணையைக் கணக்கிட்டால், வட்டி 19 சதவீதத்துக்கும் மேலே வருகிறது. 11-க்கும் 19-க்கும் எவ்வளவு தூரம்! 2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் ஃபைனான்ஸ் கம்பெனியும் தனிநபர் கடனுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய ஓர் அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் எழுதியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது அந்தத் தாளைத்தான். அம்மா கேட்டார். "நாளைக்கு எடுத்து வைக்கிறேம்மா" என்றான் பையன். இவர்கள் மறுநாள் போகவில்லை.

போகாததற்கு வட்டி மட்டும் காரணமில்லை. அரியலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்தபோது இன்னொரு விஷயம் தெரிந்தது. இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போடுவது சாதாரண வேலையல்ல. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்ற வேண்டுமானால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மஞ்சள் போர்டு வேனைச் சொந்த உபயோகத்துக்கு மாற்ற பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும். ஃபைனான்ஸில் இருக்கும் வண்டி என்றால், கடன் கொடுத்தவரின் எழுத்துமூல சம்மதமும் வேண்டும். அவர்கள் ஏன் சம்மதிக்கப் போகிறார்கள்? பன்னிரண்டு பேர் போகிற வேன் என்றால் நாளைக்கே விற்கலாம். டாய்லெட் வைத்த வேனை யார் வாங்குவார்? கடன்காரர் பார்வையில் அது நியாயம்தான். சரி, சொல்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தால், விபத்து நடக்கிற அன்றைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்காது.

ஆக, வண்டியை ஈடு வைக்காத பணம்தான் இந்த வண்டிக்குப் பொருந்தும்.

மைத்துனர் ஒரு வழி சொன்னார். அம்மாவின் பேரில் குன்னம் பக்கம் அரை ஏக்கர் இருக்கிறது. சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற நிலம். அதை அடமானம் வைக்கலாம். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "அது எங்கப்பா குடுத்தது." நகையை வைத்து விவசாய நகைக்கடன் வாங்கினால் வட்டி குறைவு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பயிருக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேன் வாங்குவது பொய் அல்லவா? அதுவும் வேண்டாம் என்றார். சாதாரண நகைக்கடனில் வருஷம் முடிந்தால் அசலும் வட்டியும் மொத்தமாக வந்து நிற்கும். மறு அடகு, மறு அடகு என்று அந்த நகை திரும்பி வீட்டுக்கு வராமல் போன கதை எந்தத் தெருவில் இல்லை?

கடைசியில் வழி அவர்கள் பீரோவிலேயே இருந்தது. பி.எஃப். பணத்தில் 10 லட்சத்தை வங்கியில் டெபாசிட்டாகப் போட்டிருந்தார், 7 சதவீத வட்டிக்கு. அந்த டெபாசிட்டின் பேரில் வங்கியே கடன் தரும்; பொதுவாக டெபாசிட் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதல். இவர்களுக்கு 8 சதவீதம் என்றார் மேனேஜர். ஜாமீன் வேண்டாம், வயது பார்ப்பதில்லை, ஆர்.சி.யில் யார் பெயரும் ஏறாது, கையில் பணம் வருகிறபோது கட்டிக்கொள்ளலாம். 4 லட்சம் எடுத்தார்கள். மாடி வாடகையோடு பென்ஷனில் கொஞ்சம் சேர்த்து மாதம் 10,000 கட்டினால் நாலு வருஷத்துக்குள் தீர்ந்துவிடும்.

"டெபாசிட்டையே உடைச்சிட்டா வட்டியே இல்லையே?" என்று மகன் கேட்டான். கணக்குப்படி அவன் சொன்னது தப்பில்லை. ஆனால் அம்மாவுக்கு மனிதர்களைத் தெரியும். "உடைச்ச பணத்தைத் திருப்பிப் போடணும்னு யாரு கேப்பா? கடன்னா பேங்க் கேக்கும்."

மீதிக்கு அவருடைய சீட்டு. பதிவு பெற்ற சீட்டு, 3 லட்சம், 30 மாதம். 24-வது மாதம் 25,000 தள்ளி ஏலம் எடுத்தார். கைக்கு வந்தது 2,75,000. பாக்கி ஆறு தவணைக்கு மகன் ஜாமீன் கையெழுத்துப் போட்டான், படத்தில் நடிப்பதைப் பற்றி இந்தமுறை எதுவும் பேசாமல். கையிருப்பு 2 லட்சம், வங்கி 4 லட்சம், சீட்டு 2,75,000. செலவு போக 15,000 மிஞ்சியது.

ஆர்.டி.ஓ. அனுமதி வருகிறவரை பட்டறையில் ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அவருக்குப் பொறுக்கவில்லை. தினம் சாயங்காலம் போய் வண்டியைத் துடைத்துவிட்டு வந்தார்.

முதல் பயணம் சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். விடியற்காலையில் அடித்துப் பிடித்துப் போகாமல் வியாழக்கிழமை இரவே போய், தெரிந்தவர் வீட்டு வாசலில் வண்டியைப் போட்டு அதிலேயே தூங்கினார்கள். அம்மாவின் நோட்டில் அந்த வெள்ளிக்கிழமைக்கான பக்கத்தில் டீசல் செலவு இருக்கிறது, அர்ச்சனை செலவு இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி: குடிதண்ணீர் கேன் 2.