ஓர் உழவு இயந்திரமும் இரண்டு இரும்பு முட்களும்



ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழின் தொன்மை பற்றியோ திருக்குறளின் சிறப்புப் பற்றியோ நான் எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுத என்னிலும் வல்லவர்கள் நம்மிடையே உளர். நான் எழுதப் புகுந்திருப்பது, சிறிய உழவு இயந்திரமொன்றின் முன்னே பூட்டும் இரண்டு இரும்பு முட்களைப் பற்றி. அவை என் உயிரோடு தொடர்புபட்டவை என்பதால் வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

சனிக்கிழமைகளில் உங்களுக்குத் தமிழாசிரியனாக விளங்கும் நான், வார நாட்களில் ஒன்ராறியோ ஏரியின் வடகரையிலுள்ள அப்பிள் தோட்டமொன்றில் வேலை செய்கின்றேன். அங்கே 25 குதிரைவலுக் கொண்ட சிறிய உழவு இயந்திரம் ஒன்று உண்டு. அதன் முன்புறத்தில் மண் அள்ளும் லோடரும் பக்கற்றும் பூட்டப்பட்டுள்ளன. அறுவடைக் காலத்தில் அப்பிள்களை நிரப்பும் பெரும் பெட்டிகளையும், உரமூட்டைகள் அடுக்கிவரும் பலெட் எனப்படும் மரத்தட்டுகளையும் தூக்குவதற்குப் பக்கற் உதவாது. அதற்கு இரண்டு நீண்ட இரும்பு முட்கள் வேண்டும்.

2021ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், பக்கற்றின் விளிம்பிலேயே திருகாணியால் இறுக்கிப் பூட்டும் மலிவான முட்கள் இரண்டை இரவல் வாங்கிப் பயன்படுத்தினோம். முக்காற் பங்கு நிரம்பிய பெட்டியொன்றைத் தூக்கிக்கொண்டு, களஞ்சியத்தை நோக்கிய சரிவில் நான் இறங்கினேன். பாதி வழியில் என் இருக்கை மெல்ல மேலெழுவதை உணர்ந்தேன். திரும்பிப் பார்த்தால், பின்சில்லு ஒன்று நிலத்தைத் தொடாமல் காற்றிற் சுழன்றுகொண்டிருந்தது! பிரேக்கை மிதித்தேன், இயந்திரம் நிற்கவில்லை. இத்தகைய சிறிய இயந்திரங்களுட் பெரும்பாலானவற்றில் பிரேக் பின்சில்லுகளில் மாத்திரமே உண்டு. பின்சில்லு நிலத்தில் இல்லாதபோது அதனாற் பயனென்ன? நான்கு சில்லு இயக்கத்தை இணைத்திருந்தால் முன்சில்லுகளும் ஓரளவு பிடித்திருக்கும். அதை இணைக்க மறந்தவன் நானே. போதாக்குறைக்கு முன் அச்சானது நடுவிலுள்ள ஒரேயொரு முளையில் ஊசலாடுவது. பின்புறம் இலேசானால் வண்டி பக்கவாட்டிற் புரள்வதற்கு அதிக நேரம் செல்லாது. லோடரின் பிடியை முன்னே தள்ளிப் பெட்டியை நிலத்தில் இறக்கினேன். பெட்டி மண்ணை உழுதுகொண்டு சென்று நின்றது. அப்பிள்கள் சரிவெங்கும் உருண்டன. நான் உருளவில்லை.

தோட்ட உரிமையாளர் முதியவர், நல்லவர். அன்று மாலையே, "முறையான முட்கள் வாங்குவோம்" என்றார். அவர் விரும்பியது 4,000 இறாத்தல் தாங்கவல்ல, 48 அங்குல நீள முட்களை. வலிமையானதை வாங்கினால் ஆபத்தில்லை என்பது அவருடைய எண்ணம். நம்மிற் பலரும் அவ்வாறே எண்ணுவோம். எனக்கோ அதில் ஐயம் இருந்தது. எனவே இயந்திரத்தின் கைந்நூலையும் விலைப்பட்டியலையும் வீட்டிற்குக் கொண்டுவந்தேன்.

பத்தாம் வகுப்பிற் படிக்கும் என் மகள் சமையலறை மேசையில் அமர்ந்து ஆங்கிலத்தை வாசித்துத் தமிழாக்கினாள். ஓரிடத்தில் 'மோமென்ற்' என்ற சொல் வந்தது. "அப்பா, இது கணம் தானே?" என்றாள்.

"கணமும் அன்று, கனமும் அன்று, திருப்பம். விசைத் திருப்பம்" என்றேன்.

அச்சொல்லை நான் கடைசியாக உச்சரித்தது 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வன்னியில், இடம்பெயர்ந்த பாடசாலையொன்றின் மரநிழலில். ஆய்வுகூடம் இல்லை, கரும்பலகை பாதிதான் இருந்தது. பனஞ்சலாகை ஒன்றை மரக்குற்றியின் மீது வைத்தேன். குற்றிக்கு அருகான முனையிற் பதுங்குகுழிக்கென நிரப்பிய மண்மூட்டை. தூரத்து முனையில் வகுப்பிலேயே மெலிந்த சிறுவன். அவன் அமர்ந்ததும் மூட்டை எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினர். பாரத்தைத் தூரத்தாற் பெருக்க வருவதே திருப்பம் என்று விளக்கினேன். அச்சிறுவன் இன்று எங்கே இருக்கின்றான் என்பதை நான் அறியேன்.

சரிவில் நான் செய்தது அதே பரிசோதனைதான். மண்மூட்டையின் இடத்தில் என் உழவு இயந்திரம். சிறுவனின் இடத்தில் அப்பிள் பெட்டி. மரக்குற்றியாக முன் அச்சு. பக்கற்றின் விளிம்பிற் பூட்டும் முட்கள் பாரத்தை மேலும் இரண்டடிக்கு முன்னே தள்ளிவிடுகின்றன. அதன் தீமை அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

பின்னர் மகளும் நானும் கணக்குப் பார்த்தோம். எங்கள் லோடர் 1,100 இறாத்தல் தூக்கும் என்று கைந்நூல் கூறுகின்றது. ஆனால் அது பக்கற்றைத் தாங்கும் முளைகளில் நேரே தொங்கும் பாரத்துக்கு உரிய எண். லோடரின் கை இயந்திரத்திற் பொருந்தும் இடத்திலிருந்து அம்முளைகள் வரை நாடாவால் அளந்திருந்தேன்: 70 அங்குலம். ஆகவே திருப்பம் 77,000. நான்கடிப் பெட்டியின் நடுப்புள்ளி முட்களின் முதுகிலிருந்து 24 அங்குலம் முன்னே இருக்கும். சட்டகத்துக்கும் பூட்டுக்கும் 8 அங்குலம் சேர்த்தால், மொத்தம் 102 அங்குலம். இனி முட்களும் சட்டகமும் தமக்கென ஒரு நிறை உடையன அல்லவா? உரிமையாளர் விரும்பிய கனமான தொகுதி 350 இறாத்தல். அதைக் கழித்துப் பார்த்தால் எஞ்சிய தூக்குவலு ஏறத்தாழ 470 இறாத்தல். 42 அங்குல முட்கள் கொண்ட 200 இறாத்தல் தொகுதியானால் 590 இறாத்தல்!

"அப்போ, பலமானது வாங்கினால் குறையத் தூக்குமா?" என்று மகள் வியந்தாள். ஆம். 4,000 என்பது முட்கள் முறியாமல் தாங்கும் எல்லை; இயந்திரம் தூக்கும் எல்லை அன்று. நிரம்பிய அப்பிள் பெட்டியோ, பெட்டியின் நிறையோடு 900 இறாத்தலைத் தொடும். எந்த முட்களைப் பூட்டினாலும் இந்த லோடர் அதைத் தூக்காது, தூக்கவும் கூடாது.

நீளத்தைப் பொறுத்தவரை, பாரத்தின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கேனும் முட்கள் உட்செல்ல வேண்டும் என்பர். 48 அங்குலத் தட்டுக்கு 42 தாராளமாகப் போதும். அதனினும் நீண்டால், அப்பால் நிற்கும் பெட்டியை முள்முனை குத்தும். பூட்டு முறையையும் கவனித்தோம். எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே பூட்டுப் பொருந்துவதில்லை. ஜோன் டியர் நிறுவனத்தாரின் சிறிய இயந்திரங்களுக்குத் தனியான அமைப்பு உண்டு. பழைய முட்கள் வாங்குவோர் அவை வளையும் குதிப்பகுதியின் தடிப்பை அளந்து பார்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் அவற்றைப் பயன்படுத்தலாகாது.

பின்புறப் பாரம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பின் டயர்களுக்குள் திரவம் நிரப்புவது இங்குள்ள வழக்கம். நீர் குளிரில் உறைந்துவிடும் என்பதால், சீனிக்கிழங்கிலிருந்து எடுக்கும் சாற்றைக்கூட நிரப்புகின்றனர். (எங்கள் ஊரிற் சொன்னால் சிரிப்பார்கள்.) ஆயினும் பின் அச்சுக்கும் பின்னாலே தொங்கவிடும் பாரப்பெட்டியே சிறந்தது. அது முன் அச்சின் சுமையையும் குறைக்கின்றது. இதுவும் திருப்பம் செய்யும் வேலையே.

மறுநாட் காலை இரண்டு தாள்களில் எழுதிய கணக்கை உரிமையாளரிடம் நீட்டினேன். என் ஆங்கிலம் அவருக்கு எப்போதும் முழுமையாக விளங்குவதில்லை. எண்கள் விளங்கின. நெடுநேரம் பார்த்தார். "நீ முன்பு என்ன வேலை செய்தாய்?" என்று கேட்டார். நான் அங்கு சேர்ந்து ஏழு ஆண்டுகளில் அவர் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. விஞ்ஞான ஆசிரியன் என்றேன்.

முன்னே பூட்ட 42 அங்குல இலேசான முட்களும், நிரம்பிய பெட்டிகளுக்கெனப் பின்புற மூன்று முனைப் பிணைப்பிற் பூட்டும் வேறு முட்களும் வாங்கினோம். பின்பிணைப்பு லோடரைவிடக் கூடிய பாரம் தூக்கும். முன்சில்லுகள் இலேசாகாதிருக்க முன்னே இரும்புப் பாளங்களை மாட்டுகின்றோம். ஆனால் பெட்டியைத் தூக்கப் பின்னோக்கி ஓட்டவேண்டியிருப்பதால், அறுவடை முடியுமட்டும் எனக்குக் கழுத்துவலி.

லோடரின் கையில் உரிமையாளர் வெள்ளை வர்ணத்தால் 550 என்று எழுதிவைத்தார். 590 என்ற எண்ணில் 40ஐ அவராகவே குறைத்துக்கொண்டார். இரண்டு பனிக்காலம் கடந்ததில் அவ்வெழுத்து மங்கிவிட்டது. வரும் அறுவடைக்கு முன் மகளை அழைத்துச் சென்று மீண்டும் எழுதுவிக்க எண்ணியுள்ளேன்.