நாலு கட்டை

முதியோர் இல்லத்துக்குப் பாட வரும் என் மாணவர்களுக்கு முதல் வேலை கட்டையைக் குறைப்பது. வகுப்பில் ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழகிய பெண்பிள்ளைகள் அங்கே நாலு கட்டைக்கு இறங்க வேண்டும். சில நாள் மூன்றுக்கும். முகம் சுளிப்பார்கள். கீழே இறங்கினால் குரலின் பளபளப்புப் போய்விடும், மந்தர ஸ்தாயியில் காற்றுதான் வரும். போட்டி மேடையில் இப்படிப் பாடினால் பரிசு கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் பாட வேண்டும் என்றால் வேறு வழியில்லை. வயதாக ஆகப் பெண்களின் குரல் தாழ்ந்துகொண்டே வரும். ஐந்தரைக் கட்டையில் நாம் பல்லவியை எடுத்தால், கூடப் பாட வாயெடுத்த அம்மா மேல் ஷட்ஜத்துக்கு முன்னாலேயே திணறி நிறுத்திவிடுவார். நிறுத்தியவர் அன்று மறுபடி வாயைத் திறக்க மாட்டார். அவரை நாமே கேட்பவராக ஆக்கிவிட்டோம். நாலு கட்டையில் எடுத்தால் அதே அம்மா சரணம் வரை வருவார், சொல் மறந்த இடத்தில் முனகிக்கொண்டாவது.

நான் திருச்சியில் வயலின் சொல்லிக்கொடுப்பவன். வாய்ப்பாட்டு, மிருதங்கம், புல்லாங்குழல் கற்கும் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, ஐந்தாறு பேராகப் பல வருடங்களாக ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள இல்லங்களுக்குப் போய்வருகிறோம். இதைச் சேவை என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். இந்த வயதில் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய கடினமான கச்சேரி இதுதான் என்பது என் கட்சி. அதற்கேற்ற பயிற்சியும் வேண்டும்.

காதிலிருந்து தொடங்கலாம். முதுமையில் கேட்கும் திறன் எல்லாச் சுருதியிலும் ஒரே மாதிரி குறைவதில்லை. மேல் அதிர்வெண்கள்தான் முதலில் போகும். ச, த, க போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால் மெட்டு கேட்கும், சொல் புரியாது. 'பாடறா, ஆனா என்ன பாடறான்னே தெரியலை' என்று ஒருவர் சொன்னால் அது பிள்ளையின் உச்சரிப்பைப் பற்றிய விமரிசனமாகவே இருக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்து உச்சரிப்பில்தான் இருக்கிறது. கமகத்துக்குள் சொல்லை விழுங்கும் பழக்கம் இளம் பாடகர்களிடம் நிறைய. சொல்லை முழுசாக வைத்துவிட்டுப் பிறகு அசைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

சத்தத்தைக் கூட்டினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. மூத்த காதுகளில் ஒரு விசித்திரம் உண்டு: மெல்லிய ஒலி கேட்கவே கேட்காது, அதைச் சற்றுக் கூட்டினால் திடீரென்று தாங்க முடியாத இரைச்சலாகிவிடும். கேட்கும் எல்லைக்கும் வலிக்கும் எல்லைக்கும் நடுவில் இடம் சுருங்கிப்போகிறது. அதனால் மைக்கைப் பெரும்பாலும் வீட்டிலேயே விட்டுவிடுகிறோம். அதற்குப் பதில் கிட்டே போய் உட்காருகிறோம். காதொலிக் கருவி அணிந்தவர்கள் இருந்தால் புல்லாங்குழல்காரன் நீண்ட கார்வைகளைக் குறைத்துக்கொள்வான். கருவியின் கீச்சொலியைத் தடுக்கும் அமைப்பு, நீண்டு நிற்கும் ஒற்றை ஸ்வரத்தையும் கீச்சொலி என்று எண்ணி அடக்கப் பார்க்கும். அவர் காதில் அந்த ஸ்வரம் ஆடும், பிசிறும். நாம் சுத்தமாக நிறுத்திய ஷட்ஜத்தைக் கேட்டு அவர் 'சுருதி சேரலை' என்றால் கோபப்படக் கூடாது.

வயலினில் மேல் இரண்டு தந்திகளின் ஆசையை விட்டுக் கீழ்த் தந்திகளில் வாசிக்கச் சொல்கிறேன். மிருதங்கத்தில் தொப்பியின் கும்காரம் எல்லோருக்கும் எட்டுகிறது, வலந்தலையின் நுணுக்கங்கள் பாதிப்பேருக்கு எட்டுவதில்லை. இது மிருதங்கப் பையனுக்குப் பெரிய மனவருத்தம். பரண்களும் கோர்வைகளும் தயார்செய்துகொண்டு வருவான். அங்கே அவனிடம் கேட்பதெல்லாம் ஒரு நல்ல நடை.

இன்னொன்று, ஜமக்காளம். கச்சேரி என்றால் தரையில் சம்மணமிட்டு உட்காருவது நம் வழக்கம். இல்லத்தில் அவர்கள் நாற்காலியிலும் சக்கர நாற்காலியிலும் இருப்பார்கள். தரையில் உட்கார்ந்தால் பாடுகிறவளின் உச்சந்தலைதான் அவர்களுக்குத் தெரியும். காது மந்தமானவர்கள் பாதிப் பாட்டை உதட்டைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். ஆகவே நாற்காலியில் உட்கார்ந்து, முகம் நேராகத் தெரிய, தாளம் போடும் கை மறையாமல் பாட வேண்டும். பழக்கமில்லாததால் முதலில் மூச்சு தடுமாறும்.

பாட்டுத் தேர்வுதான் பெரிய விஷயம். 'வயசானவங்க' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது இளைஞர்களின் இயல்பு. பழைய பாட்டு என்றால் எம்.கே. தியாகராஜ பாகவதர் என்று எங்கிருந்தோ கேட்டு வைத்திருப்பார்கள். 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்த படம். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதை இளம் வயதில் பார்த்தவர்கள் இன்று இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். இன்று எண்பதை எட்டியவர் 1945-ஐ ஒட்டிப் பிறந்தவர். 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்' இரண்டும் வெளிவந்த 1961-ல் அவருக்குப் பதினாறு வயது. அவர் மனத்தில் ஊறிக்கிடப்பது விஸ்வநாதன்-ராமமூர்த்தி, சுசீலா, இலங்கை வானொலி. எழுபதைத் தொட்டவர்? 'அன்னக்கிளி' வந்த 1976-ல் அவர் இருபது வயது இளைஞர். இதைச் சொன்னபோது என் மாணவி ஒருத்தி திடுக்கிட்டாள்: 'சார், அப்போ இளையராஜாவா?' ஆமாம், இளையராஜாதான். முதியோர் இல்லத்துக்கு ராஜா வந்து சேர்ந்துவிட்டார்.

பத்து வயதிலிருந்து இருபத்தைந்து, முப்பது வரை கேட்டதுதான் மனிதனிடம் கடைசிவரை கெட்டியாகத் தங்குகிறது. மறதி நோய் முற்றியவர்களிடமும் பேச்சு போன பிறகு பாட்டு எஞ்சி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் இல்லத்துக்குப் போனதும் பிள்ளைகளிடம் பாட்டைப் பற்றிக் கேட்காதே, தியேட்டரைப் பற்றிக் கேள் என்பேன். 'உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?' என்றால் 'எல்லாம் பிடிக்கும், எது வேணா பாடு கண்ணு' என்பதுதான் பதில். 'உங்க ஊர்ல எந்தக் கொட்டகைம்மா?' என்றால் டூரிங் டாக்கீஸ் மணல், தரை டிக்கெட், யாரோடு போனது, எந்தப் படம் என்று வரிசையாக வரும். படம் வந்தால் பாட்டு வந்துவிடும். 'பிள்ளைங்க எங்க இருக்காங்க?' என்று மட்டும் கேட்கக் கூடாது.

கர்நாடக இசை வகுப்பிலிருந்து போகும் நமக்கு இன்னொரு சிக்கல். நம் கையிலிருக்கும் உருப்படிகளெல்லாம் ராமனும் முருகனும் காமாட்சியும்தான். இல்லத்தில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) இதற்கென்றே செய்துவைத்ததுபோல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவரான அவர், எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாகப் பாடிய பாட்டுகள் அவை. நாகூர் ஹனீபாவின் பாட்டுகளையும் பிள்ளைகள் கற்றிருக்கிறார்கள். அந்தக் கம்பீரத்தை வயலினில் கொண்டுவர வில்லை அழுத்தாமல் நீளமாக இழுக்க வேண்டியிருக்கிறது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலைபார்த்த ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் ஒருவருக்காக முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஒன்றை வாசித்தோம். ஆங்கிலேய அரசகீதத்தின் மெட்டில் தீட்சிதர் அமைத்தது. பெரியவர் பாதி எழுந்து நின்றுவிட்டு, ஏன் எழுந்தோம் என்று தனக்கே புரியாமல் சிரித்தார்.

லால்குடி, முசிறிப் பக்கத்து வயல்களில் வேலைசெய்த பெண்கள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்று. அங்கே நாங்கள் கொண்டுபோனது எதுவும் எடுபடவில்லை. சினிமாப் பாட்டுக்குத் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். 'நாத்து நடும்போது என்ன பாட்டு பாடுவீங்க?' என்று பாட்டுக்காரப் பெண் கேட்டாள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். 'அதெல்லாம் குனிஞ்சாத்தான் வரும் பாப்பா, உக்காந்து வராது' என்றார் ஓர் அம்மா. ஆனாலும் வந்தது. முதலில் ஒருவர் எடுத்துவிட, மற்றவர்கள் பின்பாட்டு. எடுப்பவரின் அடி முடிவதற்குள் பின்பாட்டு ஏறி விழுகிறது, நம் தாளக்கட்டில் எங்கும் அடங்காத இடத்தில். என் மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஸ்வரப்படுத்தப் பார்த்தார்கள். காந்தாரம் எது என்று பிடிபடவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நூலிழை மாறி நின்றது. புத்தகத்தை மூடிவிட்டுப் பின்பாட்டுக்காரர்களோடு சேரச் சொன்னேன். மூச்சை எங்கே எடுப்பது என்பதைப் பக்கத்து அம்மாவின் தோளைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். வகுப்பில் வருடக்கணக்காக என்னால் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்று அது.

அங்கேயே ஒருநாள் ஒப்பாரியும் வந்தது. நிர்வாகத்தைச் சேர்ந்த பெண் ஓடிவந்து, 'விளக்கு வைக்கிற நேரத்துல ஒப்பாரியா?' என்று அதட்டினார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒப்பாரிக்கென்று இடமும் நேரமும் உண்டு. ஆனால் யாராவது அழுதுவிடுவார்களோ என்று சோகமான எதையும் பாடாமல் தவிர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முகாரி கேட்பவருக்கு முகாரிதான் கொடுக்க வேண்டும். பாட்டுக்கு நடுவில் ஒருவர் அழுதால் நிறுத்தக் கூடாது, பதறிப்போய்த் துள்ளலான பாட்டுக்குத் தாவவும் கூடாது. எடுத்த பாட்டை அதே காலப்பிரமாணத்தில் முடிக்க வேண்டும். பாடாத ஒருவர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டால் போதும்.

கைத்தட்டலை நம்பி வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கே குழப்பமாக இருக்கும். சிலர் தூங்குவார்கள். ஒருவர் நடுவில் காபி வந்துவிட்டதா என்று உரக்க விசாரிப்பார். நீர் மாத்திரை சாப்பிட்டவர்கள் எழுந்து போவார்கள், வருவார்கள். அதனால் நாற்பது நிமிடத்துக்கு மேல் நிகழ்ச்சி வைப்பதில்லை. மாலைக் காபிக்குப் பின், இருட்டுவதற்குள் முடித்துவிடுகிறோம், பொழுது சாய்ந்தால் மறதிக்காரர்களுக்குப் பதற்றம் கூடும். ரசிக்கிறார்களா என்பதை விரல்களில் பார்க்க வேண்டும். போர்வைக்குள் ஒரு கை ரூபக தாளம் எண்ணிக்கொண்டிருக்கும். திருச்சி வானொலி 1939-ல் தொடங்கியது. அதைக் கேட்டே வளர்ந்த காதுகள் இந்த ஊரில் நிறைய. கண்ணை மூடிக் கிடந்த ஒரு மாமி, ஸ்வரம் பாடிய பெண் ஒரு அட்சரம் முந்தி வந்துவிட்டபோது, கண்ணைத் திறக்காமலே, 'இடம் தப்பிடுத்துடி' என்றார்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபர் 1, உலக முதியோர் நாள்; அன்றும் தீபாவளி, பொங்கலை ஒட்டியும் இல்லங்களில் வரிசை நிற்கும். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் சாப்பாடு போடுகிறவர்கள் வேறு வருவார்கள், போட்டோ எடுத்து முடியும்வரை இலை முன்னால் காத்திருக்க வைப்பவர்களும் அதில் உண்டு. அந்தக் கூட்டத்தில் நாங்கள் சேருவதில்லை. யாரும் எட்டிப்பார்க்காத ஜூன், ஜூலை மாதங்களில் கட்டாயம் போவோம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை என்று வைத்தால் அதை மாற்றுவதே இல்லை. செல்போன் கேமரா பைக்குள்.

சிக்கல் மார்ச்சில்தான். பிளஸ் டூ பரீட்சை என்று பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள், அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. அப்போதும் இரண்டு பேராவது போக வேண்டும் என்பது ஏற்பாடு. போன மார்ச்சில் மிருதங்கப் பையன் இல்லை, ஒரு பாட்டுக்காரியும் ஒரு வயலினும் மட்டும். தாளத்துக்கு என்ன செய்வது என்று அந்தப் பெண் போனில் கவலைப்பட்டாள். அங்கே போர்வைக்குள் எண்ணுகிற கை நாலைந்து இருக்கிறது, அவர்களைப் போடச் சொல் என்றேன். சொல்லியிருக்கிறாள். ஆதி தாளத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து, யார் எடுப்பு சரி என்று பாட்டு முடிந்த பிறகும் சண்டை நடந்ததாம்.