நாரி நோவும் நுண்ணிய ஊசியும்

அக்குபங்சர் சிகிச்சை செய்துகொண்டேன் என்றதும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஊசி குத்தினால் நோகாதோ?" என்பதுதான். அடுத்த கேள்வி, "சுகம் வந்ததோ?" இவ்விரண்டுக்கும் எனது அனுபவத்தையும், பின்னர் தேடி அறிந்தவற்றையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

தையல் எனது தொழில். நாளொன்றுக்கு ஏழெட்டு மணித்தியாலம் மெஷினுக்கு முன்னால் குனிந்திருப்பேன். ஒன்றரை வருடமாக நாரி நோ. எக்ஸ்ரேயில் பாரதூரமாக எதுவுமில்லை என்றார் வைத்தியர். நோ மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்ததில் வயிற்றெரிவு தொடங்கியது. மாத்திரையை விட்டால் தைக்க முடியாது. தைக்காவிட்டால் அடுப்பு எரியாது. அப்போதுதான் தம்பியின் மனைவி, "ஒருக்கா அக்குபங்சர் செய்து பாருங்கோ மச்சாள். எனக்குத் தோள்மூட்டு நோவுக்குச் செய்தவை" என்றார்.

இது ஈராயிரம் வருடங்களுக்கு முன்பே சீனாவில் தோன்றிய வைத்தியமுறை. உடலில் 'சீ' எனும் உயிர்ச்சக்தி 14 பாதைகளில் ஓடுகிறது, அது தடைப்படும்போது நோய் வருகிறது, அப்பாதைகளிலுள்ள 361 புள்ளிகளில் உரியவற்றைத் தூண்டினால் தடை நீங்கும் என்பது சீன மரபின் விளக்கம். நமது நாட்டில் இம்முறையைப் பரப்பியவர்களுள் களுபோவில ஆஸ்பத்திரியில் பணியாற்றிய பேராசிரியர் அன்டன் ஜயசூரிய முக்கியமானவர்.

நவீன விஞ்ஞானம் இந்தச் சக்திப் பாதைகளைக் கண்டறியவில்லை. ஆனால் ஊசி தசையிலுள்ள நரம்புகளைத் தூண்டுகிறது. அந்தச் செய்தி முண்ணாண் வழியாக மூளைக்குச் செல்ல, நோவைத் தணிக்கும் எண்டோர்பின் போன்ற பொருட்களை உடலே சுரக்கிறது என்று அது விளக்குகிறது.

முதல் நாள் வைத்தியர் உடனே ஊசியை எடுக்கவில்லை. நித்திரை, பசி, மாதவிடாய் பற்றியெல்லாம் விசாரித்தார். நாக்கைப் பார்த்தார், இரு கைகளிலும் நாடி பிடித்தார். பிறகு குப்புறப் படுக்கச் சொன்னார். மருந்தேற்றும் ஊசியைப் போல இது உள்ளே துளையுள்ளதல்ல. தலைமயிரை விடச் சற்றே தடித்தது. நாரியிலும் முழங்காலின் பின்புறத்திலும் குத்தினார். நுளம்பு கடித்தாற்போல் ஒரு கணம். பின்னர் ஒரு கனதி, மெல்லிய உளைவு. அப்படித் தெரிந்தால் நல்லது என்றார். அரை மணித்தியாலம் அப்படியே படுத்திருந்ததில் நித்திரையே வந்துவிட்டது.

முதல் இரண்டு முறையும் பெரிய மாற்றமில்லை. நான்காவது முறைக்குப் பின் இரவில் புரண்டு படுக்க முடிந்தது. இடையிடையே எழுந்து நடந்துகொண்டால் இப்போது பின்னேரம் வரை தைக்கிறேன். நோ முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் மாத்திரை தேவைப்படும் நாட்கள் குறைந்துவிட்டன.

படிக்கும் என் மகன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தான். ஜேர்மனியில் நாரி நோவுள்ள 1162 பேரிடம் நடந்த ஆய்வு 2007 இல் வெளியானது. அக்குபங்சர் செய்தவர்களில் 47.6 வீதத்தினருக்குக் குணம் தெரிந்தது. புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 வீதத்தினருக்கும் அப்படியே. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 வீதத்தினருக்கே. "அப்ப எங்க குத்தினாலும் ஒண்டுதானே அம்மா, ஏன் காசைக் கொட்டுறீங்கள்?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் உண்டு. புள்ளிகளின் மகிமையை நான் வாதாட வரவில்லை. நோ தணிந்ததால்தான், வைத்தியர் சொல்லித் தந்த நாரிப் பயிற்சிகளை என்னால் செய்ய முடிந்தது. ஆறு முறைக்கு மட்டுமே பணம் ஒதுக்கினேன், அத்துடன் நிறுத்திக்கொண்டேன். பயிற்சியை விடவில்லை.

போக விரும்பும் சகோதரிகள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முறையாகப் பயின்று பதிவு பெற்றவரிடமே செல்லுங்கள். உறையிலிருந்து உங்கள் கண்முன்னே எடுக்கப்படும், ஒருமுறை மட்டும் பாவிக்கும் ஊசியா என்று பாருங்கள். கர்ப்பிணியாயின், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவராயின், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெறுவயிற்றில் போக வேண்டாம், தலை சுற்றலாம். சிறிய இரத்தக் கண்டல் வருவதுண்டு. நெஞ்சுப் பகுதியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் படக்கூடும். இது மிக அரிது. நீரிழிவு, பிரஷர் மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நாரி நோவுடன் கால் விறைப்பு, சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சல் என்பன இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். ஊசி நோவைத் தணிக்கும். நோவின் காரணத்தைக் கண்டுபிடித்துத் தராது.