பூனை மேயராக இருந்த ஊர்... பனிமலைக்குப் பறக்கும் பைலட்டுகள்! - டால்கீட்னாவின் இன்னொரு முகம்

அலாஸ்காவில் டால்கீட்னா என்று ஒரு குட்டி ஊர். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு பூனைதான். பெயர் ஸ்டப்ஸ். ஊருக்கென்று நிஜமான மேயர் பதவியே கிடையாது என்பதால், இந்தச் செம்பட்டைப் பூனையை கௌரவ மேயராக வைத்துக்கொண்டார்கள். 'நாக்லீஸ்' என்ற பழைய மளிகைக்கடைதான் மேயர் அலுவலகம். சுமார் இருபது வருடம் 'பதவி'யில் இருந்துவிட்டு 2017-ல் ஸ்டப்ஸ் இறந்தபோது, உலகம் முழுக்கச் செய்தியானது.

அதற்கு அடுத்த வருடம் இந்த ஊர் மறுபடியும் செய்தியில் வந்தது. அந்தச் செய்தியைப் படித்து யாரும் சிரிக்கவில்லை.

ஆங்கரேஜ் நகரத்திலிருந்து வடக்கே சாலை வழியாகச் சுமார் 185 கிலோமீட்டர் போனால் டால்கீட்னா. மக்கள்தொகை ஆயிரத்தைச் சுற்றித்தான். சுசிட்னா, சுலிட்னா, டால்கீட்னா என்று மூன்று ஆறுகள் இங்கே ஒன்றாகச் சேர்கின்றன. ஒரே ஒரு பிரதான வீதி. அதில் மரத்தாலான பழைய கட்டடங்கள், 1923-லிருந்து இருக்கும் 'ஃபேர்வியூ இன்' விடுதி, ரொட்டி வாசனை அடிக்கும் 'ரோட்ஹவுஸ்'. வீதி முடிகிற இடத்தில் ஆற்று மணல். வானம் தெளிவாக இருந்தால், அங்கே நின்றபடியே டெனாலி தெரியும். 6,190 மீட்டர், வட அமெரிக்காவிலேயே உயரமான சிகரம். ஆனால், கோடையில் அது பெரும்பாலான நாள்கள் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மூன்று நாள் தங்கியும் மலையைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் உண்டு.

இவ்வளவு சின்ன ஊருக்கு இரண்டு ஓடுபாதைகள். ஒன்று, வீடுகளுக்கு நடுவே இருக்கும் பழைய மண் ரன்வே. அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் அதுவும் இருக்கிறது. இன்னொன்று, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய விமான நிலையம். மே மாதம் பிறந்துவிட்டால் காலையிலிருந்து ராத்திரி வரை சிறிய விமானங்களின் உறுமல் ஓயாது. அங்கே கோடையில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலையேறுகிறவர்கள்தான் இந்த விமானங்களுக்கு முக்கியமான வாடிக்கையாளர்கள். டெனாலி ஏற ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேர் வருகிறார்கள். ஊரிலிருக்கும் வால்டர் ஹார்ப்பர் ரேஞ்சர் நிலையத்தில் பதிவு செய்துவிட்டு, மூட்டை முடிச்சுகளோடு விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். (1913-ல் டெனாலி உச்சியில் முதன்முதலில் கால்வைத்த பழங்குடி இளைஞர்தான் இந்த வால்டர் ஹார்ப்பர்.) வானிலை கைகொடுத்தால், சக்கரத்தோடு பனிச்சறுக்குக் கட்டையும் மாட்டிய விமானம் அவர்களைத் தூக்கிக்கொண்டுபோய், கஹில்ட்னா பனியாற்றின் மேல் 7,200 அடி உயரத்தில் இறக்கிவிடும். பனியாறு என்றால் ஆறு மாதிரியே மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் பெரும் பனிப்படுகை. அங்கே தார் ரன்வேயும் கிடையாது, விளக்கும் கிடையாது. முன்னால் இறங்கிய விமானத்தின் தடம்தான் வழிகாட்டி.

மேகமூட்டமான நாளில் பனியும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். தரை பத்து அடி கீழே இருக்கிறதா, நூறு அடி கீழே இருக்கிறதா என்று கண் சொல்லாது. அந்தக்காலத்து பைலட்டுகள் இதற்காகவே மரக்கிளைகளை எடுத்துப்போய் மேலிருந்து பனியில் வீசுவார்களாம். வெள்ளையில் விழுந்த பச்சையை வைத்து உயரத்தைக் கணிப்பது!

ஷெல்டன் போட்ட பாதை

இந்த வித்தையையெல்லாம் ஊருக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர் டான் ஷெல்டன். 1955-ல் சுசிட்னா ஆற்றின் டெவில்ஸ் கேன்யன் என்ற ஆபத்தான பள்ளத்தாக்கில் ராணுவப் படகு ஒன்று நொறுங்கியது. வீரர்கள் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டார்கள். ஷெல்டன் தன் மிதவை விமானத்தை ஆற்றில் இறக்கி, நீரோட்டம் இழுக்கிற போக்கிலேயே வால் முன்னால் போக மிதந்து, அவர்களிடம் போய்ச் சேர்ந்தார். ஒரே நடையில் எல்லோரையும் ஏற்ற முடியாது. அதனால், அதே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தார்.

1960-ல் டெனாலியில் சுமார் 14,000 அடி உயரத்தில் உயிருக்குப் போராடிய ஒரு பெண்ணை, அந்த உயரத்திலேயே விமானத்தை இறக்கிக் கொண்டுவந்தவரும் இவர்தான். இத்தனை சாகசம் செய்தவர் விபத்தில் சாகவில்லை. 1975-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அப்போது அவருக்கு வயது 53. அவருடைய தொழில் எதிரியான கிளிஃப் ஹட்சனும் இதே ஊர்க்காரர்தான். அவரும் முதுமை வரை வாழ்ந்து 2010-ல் காலமானார். மலைப் பைலட்டுக்கு முதுமை என்பதே ஒரு பதக்கம்.

எல்லோருக்கும் அந்தப் பதக்கம் கிடைப்பதில்லை.

போனில் வந்த குரல்

2018 ஆகஸ்ட் 4, சனிக்கிழமை. டால்கீட்னாவிலிருந்து ஒரு பீவர் விமானம் கிளம்பியது. பீவர் என்பது கனடாவில் 1947-ல் முதன்முதலில் பறந்த ஒற்றை இன்ஜின் ரகம். 1967-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அலாஸ்காவின் உழைப்பாளி விமானம் இன்றுவரை அதுதான். உள்ளே பைலட், போலந்திலிருந்து வந்திருந்த நான்கு சுற்றுலாப் பயணிகள். மலையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் வழக்கமான பயணம்.

மாலை ஆறு மணிவாக்கில், டெனாலி உச்சிக்குத் தென்மேற்கே தண்டர் மவுன்டன் என்ற மலைமுகட்டில், சுமார் 11,000 அடி உயரத்தில் விமானம் மோதியது. விமானத்தின் அவசர சிக்னல் ஒலித்தது. அதன் பிறகு நடந்ததுதான் பைலட்டுகளால் மறக்க முடியாதது. மோதலில் பிழைத்திருந்த பைலட் சாட்டிலைட் போனில் அழைத்தார். பயணிகளை மீட்க வேண்டும் என்றார். இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தார். மறுபடியும் அறுந்தது.

கீழே விமானங்கள் தயார், ஹெலிகாப்டர் தயார், அந்த மலையின் ஒவ்வொரு இடுக்கும் அத்துப்படியான ஆள்கள் தயார். ஆனால், மலை முழுக்க மேகம். அன்று இரவும் மறுநாள் முழுவதும் தேடப் போனவர்களால் அந்த முகட்டை நெருங்கவே முடியவில்லை. வெறும் அரைமணி நேரப் பயணத் தூரத்தில், ஒருவேளை உயிரோடு, சக பைலட் காத்திருக்கிறார். போக வழியில்லை.

திங்கட்கிழமை காலையில் மேகம் கொஞ்சம் விலகியது. ஹெலிகாப்டரிலிருந்து நீளமான கயிற்றில் தொங்கியபடி ஒரு ரேஞ்சர் இறங்கினார். அவருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். பனி நிறைந்திருந்த விமானத்துக்குள் நான்கு உடல்களைக் கண்டார். ஐந்தாவது ஆளைக் காணவில்லை. விமானத்தை விட்டு யாரும் நடந்துபோன தடமும் இல்லை. அந்த வாரக் கடைசியில் இன்னொரு முறை போய்ப் பார்த்தார்கள். விமானம் உடைந்து, சரிவில் தொங்கும் பனியில் எப்போது வேண்டுமானாலும் நழுவும் நிலையில் இருந்தது. உடல்களை மீட்கப் போனால் மீட்கப் போகிறவர்களின் உயிருக்கும் ஆபத்து என்று தேசியப் பூங்கா நிர்வாகம் முயற்சியைக் கைவிட்டது. ஐந்து பேரும் மலையிலேயே தங்கிவிட்டார்கள்.

"யாருடைய பிளேன்?"

ஒரு சிறிய விமானம் விழுந்தது என்ற தகவல் வந்ததும், அலாஸ்கா போன்ற இடத்தில் முதலில் எழும் கேள்வி 'ஏன்' அல்ல, 'யார்'. டவுன் பஸ் பிடிக்கிற மாதிரி விமானம் பிடிக்கிற மாநிலம் அது. அலாஸ்காவின் ஊர்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாலையே கிடையாது. பல் மருத்துவரைப் பார்க்கக்கூட விமானம்தான். அதனால் பைலட் என்பவர் பக்கத்து வீட்டுக்காரர், பள்ளித்தோழியின் அப்பா, தேவாலயத்தில் அடுத்த இருக்கையில் உட்காருகிறவர். விமானத்தின் வால் எண் தெரிகிற வரை, பறந்துகொண்டிருக்கும் எல்லோர் வீட்டிலும் போனைப் பார்த்தபடிதான் இருப்பார்கள்.

'யார்' என்று தெரிந்த பிறகுதான் 'ஏன்' தொடங்குகிறது. இங்கே பைலட்டுகள் இரண்டு கட்சியாகப் பிரிவது எல்லா ஊரிலும் வழக்கம். விசாரணை அறிக்கை வரும்வரை வாயைத் திறக்கக் கூடாது, இறந்தவரின் குடும்பம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது ஒரு கட்சி. அறிக்கை வர ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும், நாளைக் காலையில் அதே கணவாய் வழியாக நான் பறக்க வேண்டுமே என்பது இன்னொரு கட்சி. இரண்டிலுமே நியாயம் இருக்கிறது.

'அவர் அந்த மேகத்துக்குள் போயிருக்கக் கூடாது' என்று ஒரு பைலட் சொல்லும்போது, அது வெளியாளுக்குக் கல்நெஞ்சம் மாதிரி தெரியலாம். உண்மையில் அதில் இருப்பது பயம். தப்பு அவருடையது என்றால், அந்தத் தப்பை நான் செய்யாதவரை எனக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஆறுதல் இல்லாமல் மறுநாள் விமானத்தில் ஏறி உட்கார முடியாதல்லவா? போனவர் தன்னைவிட அனுபவசாலி என்றால், அந்த ஆறுதலும் உடைந்துவிடும்.

பேச்சோடு நிற்காமல் வேலையும் நடந்த ஒரு சம்பவம் டால்கீட்னாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2011 ஜூலை 30-ம் தேதி, ட்ரேப்பர் க்ரீக் பகுதியில் ஆம்பர் ஏரிக்கு அருகே இரண்டு மிதவை விமானங்கள் நடுவானில் மோதின. ஒன்றிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் குழந்தைகள். இன்னொரு விமானத்தில் தனியாக இருந்த பைலட், சேதமான விமானத்தை ஆங்கரேஜ் வரை ஓட்டிவந்து தப்பித்தார்.

விசாரணையில் தெரியவந்த விஷயம் பைலட்டுகளைத் தூக்கிவாரிப்போட்டது. இருவரும் ரேடியோ வைத்திருந்தார்கள். ஆனால், ஆளுக்கு ஓர் அலைவரிசை! கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத வானத்தில், 'நான் இங்கே, இந்த உயரத்தில், இந்தப் பக்கம் போகிறேன்' என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே பறப்பதுதான் பாதுகாப்பு. அந்தப் பள்ளத்தாக்கில் எக்கச்சக்கமான தனியார் ஓடுபாதைகள், ஏரிகள், வேட்டைக் குடில்கள். எந்த இடத்தில் எந்த அலைவரிசை என்பதில் ஆளுக்கொரு பழக்கம். அடுத்த தெருவில் யாரோ பேசுகிறார்கள், நமக்குத்தான் கேட்கவில்லை என்கிற நிலைமை.

பைலட் சங்கங்களும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். வரைபடத்தை விரித்து, எந்த ஆற்றங்கரைக்கு எந்த அலைவரிசை என்று கோடு போட்டார்கள். ஆண்டுக்கணக்கில் கை பழகிப்போன எண்ணை மாற்றச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனாலும் 2014 மே மாதம் புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

இந்தக் கவலை தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2008 முதல் 2017 வரை அலாஸ்காவின் விமான விபத்து விகிதம், அமெரிக்காவின் மற்ற பகுதிகளைவிட 2.35 மடங்கு அதிகம் என்கிறது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். உயிரிழப்பு ஏற்படுத்தும் விபத்துகள் மட்டும் என்றால் 1.34 மடங்கு. அந்த மாநிலத்தில் விமானத்தில் உயிர்பிழைக்கத் தேவையான அவசரப் பொருள்கள் இருந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. விழுந்தால் பிழைத்துக் கிடக்க வேண்டுமே!

டால்கீட்னா கல்லறைத் தோட்டத்தில், மலையேறப் போய்த் திரும்பாதவர்களுக்கான நினைவிடம் ஒன்று இருக்கிறது. பெயர்களும் வயதும் வருடவாரியாக எழுதப்பட்டிருக்கின்றன. பல பெயர்களுக்குக் கீழே மண்ணில் யாரும் இல்லை. உடல் மலையில் இருக்கிறது, பெயர் மட்டும் ஊரில். ஷெல்டனின் கல்லறையும் இதே தோட்டத்தில்தான். மரங்களுக்கு அந்தப் பக்கம் விமான நிலையம் என்பதால், அங்கே நிற்கிறவர்களுக்கு விமானங்கள் கிளம்பும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போதெல்லாம் அலாஸ்காவின் மலைக் கணவாய்களிலும் ஓடுபாதைகளிலும் அரசு வானிலை கேமராக்களை வைத்திருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிய படம் வரும். யார் வேண்டுமானாலும் போனிலேயே பார்க்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு படங்கள். ஒன்று, மேகமே இல்லாத நாளில் எடுத்தது. அதில் எந்த முகடு எவ்வளவு தூரம் என்று குறித்திருப்பார்கள். இன்னொன்று, இந்த நிமிடத்தின் படம்.

காலையில் காபியோடு உட்காரும் பைலட் இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். முதல் படத்தில் இருக்கும் முகடு இரண்டாவது படத்தில் தெரியவில்லை. வெளியே பெஞ்ச்சில் மலையேறுகிறவர்கள் மூட்டையின் மேல் சாய்ந்தபடி, "இன்னைக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள்.

"பத்து நிமிஷம் கழிச்சுப் பார்க்கலாம்" என்கிறார் அவர்.